காமிக்ஸ் வரையும் வீட்டில் குழந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து, நானே அச்சிட்டு, நானே இணையத்திலும் வெளியிடுகிறேன். வேலை செய்யும் இடம் வீடு. இரண்டு பிள்ளைகள். பெரியவன் தானாகப் படிப்பவன், சின்னவள் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பவள். சக ஓவியர்களும், பிள்ளைகளிடம் காமிக்ஸைக் கொடுக்கலாமா என்று தயங்கும் பெற்றோரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குள் அடுத்த பக்கத்தின் கெடு வந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் காமிக்ஸ் எனக்குப் பிழைப்பு, பிள்ளைகளுக்கு விளையாட்டு. என் பிழைப்பு அவர்கள் விளையாட்டைத் தின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. கீழே உள்ள பதில்களில் பாதி அங்கிருந்து வருபவை.

வீட்டிலேயே இருப்பதால் வரைய நிறைய நேரம் கிடைக்குமே?

இதைக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் இருப்பதில்லை. நேரம் கிடைக்கும்தான், ஆனால் துண்டு துண்டாகக் கிடைக்கும்.

ஒரு காமிக்ஸ் பக்கம் என்பது ஒரே வேலை இல்லை. கதையை யோசிப்பது, அதைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகக் கிறுக்கிப் பார்ப்பது, பென்சில், வசனம் எழுதுவது, மை போடுவது, பென்சிலை அழிப்பது, ஸ்கேன் எடுப்பது, வண்ணம் நிரப்புவது என்று ஏழெட்டு வேலைகள் அதற்குள் இருக்கின்றன. மண்டை முழுசாக வேண்டியிருப்பது முதல் இரண்டுக்குத்தான். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது 'என் இன்னொரு செருப்பைக் காணோம்' என்று ஒரு குரல் வந்தால் போச்சு, மறுபடி அந்த இடத்துக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும். அதனால் அந்த வேலையை வீடு தூங்கும்போதுதான் செய்கிறேன். மை போடும்போது கையும் கண்ணும் மும்முரமாக இருக்கும், காது சும்மா இருக்கும். யாராவது எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் நல்லதுதான், மேசையை ஆட்டாத வரை. கட்டங்களுக்குக் கோடு இழுப்பது, கணினியில் அடிவண்ணம் நிரப்புவது, ஸ்கேனில் விழுந்த தூசிப்புள்ளிகளைத் துடைப்பது எல்லாம் பக்கத்தில் ஒருத்தி வாய்ப்பாடு ஒப்பிக்க, தப்பைத் திருத்திக்கொண்டே செய்யக்கூடியவை.

ஆகவே கிடைக்கிற நேரத்தைப் பார்த்து வேலையை எடுக்கிறேன். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எப்போதும் மூன்று நான்கு பக்கங்கள் வெவ்வேறு நிலையில் மேசையில் கிடக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், யோசிக்கும் வேலை மட்டும் பாக்கி இருக்கிற அன்றைக்குப் பார்த்து வீடு முழுக்க விருந்தாளிகளாக இருக்கும்.

வரைந்துகொண்டிருக்கும்போது பிள்ளை வந்து கூப்பிட்டால்?

'அம்மா வேலையாக இருக்கேன்' என்று சொன்னால் அது எவ்வளவு நேரம் என்று குழந்தைக்குத் தெரியாது. 'இந்தக் கோடு முடியட்டும்' என்றால் தெரியும், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்கலாம். நிப்பில் ஒரு கோடு இழுக்க இரண்டு மூன்று நொடிதான். சின்னவள் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, நிப் போகிற வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து, அது கட்டத்தின் ஓரத்தைத் தொட்டு மேலே எழும்பிய அந்த நொடியில் 'ம்மா' என்பாள். அதற்கு முன் ஒரு நொடிகூட இல்லை. இந்த ஒரு விதியைத் தவிர வேறு பெரிய ஏற்பாடு எதுவும் எங்களிடம் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வரைபவர்களும் உண்டு. தனி அறை இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பது ஏதோ ரகசியம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டால் அப்புறம் தட்டுதல் இன்னும் அதிகமாகும்.

மை, கட்டர் எல்லாம் ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். வரைகிற கறுப்பு இந்தியன் இங்க் மிக நுண்ணிய கரித்தூள் கலந்தது. காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. அதனால்தான் அதன் மேல் தைரியமாக நீர்வண்ணம் பூச முடிகிறது. அதே காரணத்தால்தான் துணியிலிருந்தும் போகாது. பெரிய பாட்டிலைத் திறந்து வைத்து வேலை செய்யாதீர்கள். அடி அகன்ற குட்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, அதை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கொட்டினாலும் ஒரு ஸ்பூன் அளவுதான் கொட்டும்.

கட்டர், ஊசிமுனை காம்பஸ் இரண்டுக்கும் பூட்டுப் போட்ட டப்பா. பென்சில் படத்தின் மேல் அடிக்கும் பிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை வீட்டுக்குள் அடிக்கவே வேண்டாம், திறந்த வெளியில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது அடியுங்கள். தண்ணீரில் கழுவினால் போகிற பேனாக்களை அவர்களுக்கென்று தனியாக வைத்துவிட்டால் உங்கள் பேனா மேல் உள்ள ஆசை கொஞ்சம் குறையும். முழுசாகப் போகாது.

எந்த வயதிலிருந்து காமிக்ஸ் கொடுக்கலாம்?

கிழிக்காத வயதிலிருந்து.

சரி, கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன். படத்தைப் பார்ப்பது வேறு, அடுத்தடுத்த படங்களை ஒரே கதையாகச் சேர்த்துப் படிப்பது வேறு. மிகச் சிறிய குழந்தைக்கு நான்கு கட்டம் என்பது நான்கு பூனைகள். ஒரே பூனைதான் நான்கு தடவை வந்திருக்கிறது, நடுவில் நேரம் ஓடியிருக்கிறது என்பது பார்த்துப் பார்த்துப் பழகி வருகிற அறிவு. படக்கதை மொழியை ஆராய்கிற நீல் கோன் போன்றவர்கள், இந்தத் திறன் சுமார் 4 முதல் 6 வயதுக்குள் படிய ஆரம்பிக்கிறது, அதுவும் இப்படிப்பட்ட கதைகளைப் பார்த்துப் பழகினால்தான் என்கிறார்கள். பெரியவர்களில் சிலர் 'எனக்குக் காமிக்ஸ் படிக்கவே வராது, எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சாக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் பழகவில்லை, அவ்வளவுதான்.

எனவே தொடக்கத்துக்கு வசனமே இல்லாத கதைகள் நல்லவை. ஒரு பக்கத்துக்கு நான்கு, ஆறு கட்டங்கள், எல்லாம் ஒரே அளவு, வரிசை குழம்பாத அமைப்பு. கட்டத்தை உடைத்துக்கொண்டு பாய்கிற அதிரடிப் பக்கங்கள் பின்னால் வரட்டும். ஜப்பானியக் காமிக்ஸான மங்காவில் பெரும்பாலானவை வலமிருந்து இடமாகப் போகும். இடமிருந்து வலம் நன்றாகப் படிந்த பிறகு கொடுத்தால் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். நமக்குத்தான் கழுத்து வலிக்கும்.

காமிக்ஸை எப்படி வாசித்துக் காட்டுவது? கதைப் புத்தகம் மாதிரி வரவில்லையே?

வராது. ஏனென்றால் கதைப் புத்தகத்தில் எழுத்தே கதை. காமிக்ஸில் பாதிக் கதை எழுத்துக்கு வெளியே இருக்கிறது. பலூனில், அதாவது வசனம் எழுதிய குமிழில், உள்ளதை மட்டும் கடகடவென்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால், குழந்தை அப்போதுதான் படத்துக்குள் காலை வைத்திருக்கும்.

நான் செய்வது இது. விரலைக் கட்டத்தின் மேல் வைப்பேன், பலூனின் வால் யாரைக் காட்டுகிறதோ அவர் குரலில் பேசுவேன். 'என்றான்', 'என்றாள்' எதுவும் சேர்ப்பதில்லை. 'டமால்', 'தடால்', 'சர்ர்ர்' எல்லாம் குழந்தையின் பங்கு. எழுத்துத் தெரியாத பிள்ளைகூடப் பெரிய கோணல்மாணல் எழுத்தைப் பார்த்தால் கத்த வேண்டிய இடம் என்று கண்டுபிடித்துவிடும். வசனமில்லாத கட்டம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். இதுதான் கஷ்டம். 'பாத்தியா, அவனுக்குக் கோபம் வந்துடுச்சு' என்று விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லக் கூடாது. அந்த அமைதியை ஓவியர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

ஒரு உதாரணம். முதல் கட்டத்தில் மதில் மேல் பூனை, பக்கத்தில் பூந்தொட்டி. இரண்டாவது கட்டத்தில் கீழே உடைந்த ஓடுகள், பூனை வேறு எங்கேயோ பார்க்கிறது. தொட்டி விழுவதை யாரும் வரையவில்லை. ஆனாலும் பிள்ளை சிரிக்கிறது, ஏனென்றால் இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தில் அது தானே தொட்டியைத் தள்ளிவிட்டுவிட்டது. 'பூனை தொட்டியைத் தள்ளிடுச்சு பார்' என்று நாம் முந்திக்கொண்டு சொன்னால் அந்தச் சிரிப்பை நாம் திருடிக்கொண்டோம்.

இன்னொன்று, பக்கம் திருப்பும் உரிமை குழந்தையுடையது. நாங்கள் பக்கத்தைத் திட்டமிடும்போது வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி போடுவோம், திருப்பியதும் ஆச்சரியம் வெடிக்க வேண்டும் என்று. அந்தக் கொக்கியில் எவ்வளவு நேரம் தொங்குவது என்பதை வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காமிக்ஸே படித்துக்கொண்டிருந்தால் 'உண்மையான' புத்தகம் படிக்க மாட்டார்களே?

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1954இல் அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடந்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய் அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதிமுறையை வகுத்துக்கொண்டார்கள். வெர்தமின் ஆவணங்கள் பிற்காலத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றைப் படித்த கரோல் டில்லி, வெர்தம் தன் சான்றுகளைப் பல இடங்களில் திரித்திருக்கிறார் என்று 2012இல் எழுதினார். அதற்குள், விதிமுறைக்கு உட்பட்ட இதழ்களின் அட்டையில் போட்டுவந்த தணிக்கை முத்திரையே வழக்கொழிந்துவிட்டது.

சொல்வளம் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. 1988இல் ஹேய்ஸ், ஆரென்ஸ் என்ற இருவர் ஆங்கிலத்தில் 1000 சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். படித்த பெரியவர்கள் நண்பர்களோடு பேசும் பேச்சில் 17.3. சிறுவர் புத்தகங்களில் 30.9. காமிக்ஸில் 53.5. அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் கால ஆங்கில காமிக்ஸ், எல்லா மொழிக்கும் எல்லாக் காமிக்ஸுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் 'அதில் என்ன இருக்கிறது, பொம்மைதானே' என்பவர்களுக்குச் சொல்ல இது போதும்.

என் வீட்டு அனுபவம்: பெரியவன் இரண்டையும் படிக்கிறான். காமிக்ஸை ஏணியாக நினைத்து, 'சரி, இனி மேலே ஏறு' என்று நான் சொன்னதில்லை. அது ஏணி இல்லை.

ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். மாற்றலாமா?

வேண்டாம். முதல் தடவை கதை, இரண்டாம் தடவை முகங்கள், மூன்றாம் தடவை பின்னால் நிற்கும் நாய். நாங்கள் அந்த நாயை வரைந்ததே இவனைப் போன்ற வாசகனுக்காகத்தான்.

உங்கள் அலமாரியில் பெரியவர்களுக்கான காமிக்ஸும் இருக்குமே, என்ன செய்கிறீர்கள்?

படம் நிறைந்திருந்தாலே சிறுவர்களுக்கானது என்று நினைத்து விருந்தாளிகள் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் உண்மையான சிக்கல். போர், சித்திரவதை, பாலியல் எல்லாம் உள்ள காமிக்ஸ் மேல்தட்டில் இருக்கின்றன. கீழ்த் தட்டுகள் இரண்டும் பிள்ளைகளுடையவை, அங்கிருந்து எதையும் என்னைக் கேட்காமல் எடுக்கலாம். மேல்தட்டுப் புத்தகங்களை 'தொடாதே' என்று சொல்வதில்லை, 'அதை நாம் சேர்ந்து படிப்போம், கொஞ்ச நாள் போகட்டும்' என்பேன்.

எழுத்தில் வரும் வன்முறையைக் குழந்தை தன் சக்திக்கு ஏற்பத்தான் கற்பனை செய்யும். படத்தில் அந்தக் கதவு கிடையாது. ஒரு தடவை பார்த்துவிட்டால் பார்த்ததுதான். அந்த வகையில் நாவலுக்கு நான் காட்டும் தாராளத்தைக் காமிக்ஸுக்குக் காட்டுவதில்லை.

உங்கள் பிள்ளைகள் உங்கள் காமிக்ஸைப் படிக்கிறார்களா?

பெரியவன் மற்ற எல்லோருடையதையும் படிக்கிறான்.

சின்னவள் படிப்பாள், ஆனால் கருத்துச் சொல்வாள். என் கதாநாயகிக்கு ஏன் எப்போதும் ஒரே சட்டை என்று கேட்டாள். வரைய வசதி என்று சொன்னேன். அது அவளுக்கு ஒரு காரணமாகவே படவில்லை.

வரைந்த பக்கத்தைப் பிள்ளைகளிடம் காட்டி 'சிரிப்பு வருதா' என்று சோதித்துப் பார்க்கிற பழக்கம் சில ஓவியர்களுக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அம்மா முகத்தைப் பார்த்தே சிரிக்கவேண்டிய கட்டாயம் குழந்தைக்கு வந்துவிடும். அந்தச் சிரிப்பால் உங்களுக்கும் பயன் இல்லை, அதற்கும் இல்லை. வேலைக்குக் கருத்து வேண்டுமானால் இன்னொரு ஓவியரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றியே வரையலாமா? தினமும் நடக்கிற கூத்தை வரைந்தாலே ஒரு தொடர் ஆகிவிடுமே!

ஆகிவிடும், அதுதான் ஆபத்து. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

'டென்னிஸ் தி மெனஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகைக் காமிக்ஸ் தொடர் 1951 மார்ச்சில் தொடங்கியது. வரைந்தவர் ஹேங்க் கெட்சம். அப்போது அவருக்கு டென்னிஸ் என்ற பெயரிலேயே நான்கு வயது மகன் இருந்தான். அவன் செய்த அட்டகாசத்தைப் பார்த்து அவன் அம்மா சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் தலைப்பே பிறந்தது. கதையில் வந்த டென்னிஸ் வளரவே இல்லை. நிஜ டென்னிஸ் வளர்ந்தார், வியட்நாம் போருக்குப் போனார், பின்னாளில் அப்பாவுக்கும் மகனுக்கும் தொடர்பு அறுந்துபோகும் அளவுக்கு விலகிவிட்டார்கள். அதற்கு அந்தத் தொடர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. தாயின் மரணம், ஊர்விட்டு ஊர் போனது என்று எவ்வளவோ இருந்தன. ஆனால் வயதாகிய ஒரு மனிதர் உலகத்துக்கெல்லாம் நிரந்தரமாக ஒரு வாலுப் பையனாகவே இருந்தார் என்பதை நினைத்தால், பேனாவை எடுக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது.

கனடா ஓவியர் லின் ஜான்ஸ்டன் வேறு மாதிரி செய்தார். 1979இல் தொடங்கிய 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வோர்ஸ்' தொடரில் அவர் குடும்பம்தான் மூலப்பொருள். ஆனால் பிள்ளைகளைக் கூப்பிடும் பெயரை விட்டுவிட்டு அவர்களுடைய இரண்டாவது பெயர்களைக் கதாபாத்திரங்களுக்கு வைத்தார். கதையில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை கதையில் பிறந்தது, நிஜ வீட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லை. வீட்டிலிருந்து எடுத்தது எது, கட்டியது எது என்று வெளியே இருப்பவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது அந்தத் தந்திரம்.

என் வழக்கம் இப்படி. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்ததை எடுத்துக்கொள்வேன், அழுதுகொண்டே செய்ததைத் தொடமாட்டேன். நோய், பள்ளி மதிப்பெண், படுக்கை நனைத்தது, நண்பர்களோடு வந்த சண்டை எதுவும் கிடையாது. சம்பவத்தை இன்னொரு பாத்திரத்துக்கு, முடிந்தால் ஒரு மிருகத்துக்கு மாற்றிவிடுவேன். உடனே வரைய மாட்டேன், குறிப்பு மட்டும் எடுத்து வைப்பேன். ஆறிய பிறகும் வேடிக்கையாக இருந்தால் அது கதை, இல்லையென்றால் அது வெறும் வம்பு. பெரியவனுக்கு இப்போது 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது. அவன் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறான்.

முன்பெல்லாம் தாளில் வந்தது தாளோடு போனது. இணையத்தில் போட்டது அப்படிப் போகாது. உங்கள் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கிற காலத்தில், அதன் பெயரைத் தட்டினால் நீங்கள் வரைந்த ஒன்று வந்து நிற்கலாம். அதனால் பெயர், பள்ளிச் சீருடை, தெரு இவை எதுவும் என் படங்களில் இருக்காது.

குழந்தை சொல்லும் கதையை வரைந்து வெளியிட்டால்?

பேர் போட்டால் தப்பில்லை. 'ஆக்ஸ் காப்' என்ற வெப்காமிக் (இணையத்தில் வெளிவரும் காமிக்ஸ்) அப்படிப் பிறந்ததுதான். 5 வயது மலாக்காய் நிக்கோல் சொன்ன கதைகளை 29 வயது அண்ணன் ஈதன் வரைந்தார், எழுதியவர் என்று தம்பியின் பெயரும் போனது. அதில் கவனிக்க வேண்டியது, அண்ணன் கதையைத் 'திருத்தவில்லை'. திடீரென்று டைனோசர் வந்தால் டைனோசர்தான்.

பிள்ளைக்கு அலுத்துவிட்டால் தொடர் அன்றோடு முடிந்தது என்று முதலிலேயே உங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'அடுத்த கதை என்ன, சீக்கிரம் சொல்லு' என்று நீங்களே அதற்குக் கெடு வைக்க ஆரம்பிப்பீர்கள்.

பிள்ளையும் வரைய ஆரம்பித்திருக்கிறது. நான் ஓவியர், கற்றுக்கொடுக்கலாமா?

கேட்டால் மட்டும். 'கை ஏன் இப்படி வருது' என்று கேட்டால் கையைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போதும் அதன் தாளில் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள். வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். உடற்கூறு, கோணம் எல்லாம் பிறகு தானாக வந்து சேரும். கதை சொல்லும் துணிச்சல் ஒரு தடவை போனால் திரும்புவது கடினம்.

கற்றுக்கொடுக்க ஆசையாக இருந்தால் புத்தகம் செய்யக் கற்றுக்கொடுங்கள். ஒரு ஏ4 தாள் போதும். நீளவாக்கில் ஒரு தடவை மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் பாதியாக மடித்து, இன்னொரு தடவை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்களாக மடிப்பு விழுந்திருக்கும். மறுபடி அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்பு வரை மட்டும் கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். தாளை நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாயைத் திறக்கும். தொடர்ந்து தள்ளிச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். அட்டை, பின்னட்டை போக ஆறு பக்கக் கதை. பசை, பின் எதுவும் வேண்டாம். வரைந்த பிறகு தாளைப் பிரித்து நகல் எடுத்தால், எத்தனை பிரதி வேண்டுமோ அத்தனை. முதல் பக்கத்தில் இருந்த பூனை நகலெடுத்த எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதைப் பார்க்கும்போது ஒரு குழந்தையின் முகம் எப்படி மாறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

நீங்கள் நாள் முழுக்க டேப்லெட்டில் இருக்கிறீர்கள், பிள்ளைக்கு மட்டும் கட்டுப்பாடா?

என் பையனும் இதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி. வரைகிற டேப்லெட்டில் வீடியோவோ விளையாட்டோ கிடையாது, அது கருவி, மேசையை விட்டு நகராது. அதில் யாரும் வரையலாம், ஆனால் அவர்களுக்கென்று தனிக் கோப்புறை. என் படத்தின் ஒரு லேயரில் (அடுக்கில்) சின்னவள் வரைந்த வானவில் ஒன்று அச்சுக்குப் போகும் கோப்பு வரை வந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, இந்த வாரப் பக்கம் போட முடியாது. வாசகர்கள் போய்விடுவார்களா?

சிலர் போவார்கள். பெரும்பாலானோர் கவனிக்கவே மாட்டார்கள், இது கொஞ்சம் வலிக்கும்.

சார்ல்ஸ் ஷுல்ஸ் 'பீனட்ஸ்' தொடரை 1950 முதல் 2000 வரை உதவியாளர் இல்லாமல் 17,897 ஸ்ட்ரிப் (ஒரு நாள் பத்திரிகைக்கான சின்னக் காமிக்ஸ்) வரைந்தார், நடுவில் எடுத்த நீண்ட விடுப்பு 1997இல் ஐந்து வாரம்தான். சுயமாக வரைபவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே தங்களை அடித்துக்கொள்கிறார்கள். பில் வாட்டர்சனையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' ஓடியது 1985 முதல் 1995 வரை. அதற்குள் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் சுமார் ஒன்பது மாதம், விடுப்பு எடுத்தார். இரண்டு தொடர்களும் இன்னும் படிக்கப்படுகின்றன.

கையிருப்பில் சில பக்கங்கள் வைத்திருப்பதுதான் நடைமுறை வழி. பத்திரிகைத் தொடர் ஓவியர்கள் வாரக்கணக்கில் முன்னாலேயே வரைந்து கொடுத்துவிடுவது இதற்காகத்தான். கையிருப்பு தீர்ந்துவிட்டால் 'இந்த வாரம் இல்லை' என்று ஒரு வரி போடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் காய்ச்சல் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமில்லை.

வருமானம் ஒரே சீராக இல்லை. பிள்ளைகளிடம் சொல்லலாமா?

வயதுக்குத் தகுந்த மாதிரி சொல்லலாம். புத்தகம் விற்றால் பணம் வரும், விற்காத மாதம் ஓவிய வகுப்பு எடுப்பேன் அல்லது பிறருக்கு வரைந்து கொடுப்பேன் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியும். எத்தனை பிரதி விற்றது என்று அவர்கள் கவலைப்படும் அளவுக்குச் சொல்வதில்லை. பார்சல் கட்டும்போது உதவுவார்கள். உறைக்குள் சின்னவள் ஒரு நட்சத்திரம் வரைந்து போட்டுவிடுகிறாள், அதைப் பாராட்டி வரும் கடிதங்கள் கதையைப் பாராட்டி வருவதைவிட அதிகம்.

பழைய ஒரிஜினல்களும் பிள்ளைகளின் ஓவியங்களும் குவிந்துவிட்டன. என்ன செய்வது?

ஒரிஜினல்களை வெயில் படாமல், ஈரமில்லாமல், கிடைமட்டமாக வையுங்கள். நடுவே அமிலமில்லாத தாள். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் எடுத்து வைத்தால் பிறகு தெளிவாக அச்சிட உதவும். 300 டிபிஐ வண்ணப் படத்துக்குப் போதும், மெல்லிய மைக்கோட்டுக்குப் போதாது.

பிள்ளைகளுடையதை எல்லாம் வைத்திருக்க முடியாது. தேதி எழுதி, எதை வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். நீங்கள் பொக்கிஷமாக நினைப்பதை அவர்கள் அலட்சியமாகத் தூக்கிப் போடுவார்கள். அப்போது பேசாமல் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

எல்லாம் சரி, என் பிள்ளைக்குக் காமிக்ஸே பிடிக்கவில்லை. நான் ஓவியராக இருந்துமா?

பந்தைப் பிடித்திருக்கிறதா? பாட்டா? அதைச் செய்யட்டும். புத்தகங்கள் கீழ்த் தட்டிலேயே இருக்கட்டும், எடுத்து உள்ளே வைக்க வேண்டாம். 'என் தொழிலை நீயே மதிக்கவில்லை' என்ற வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தச்சர் வீட்டுப் பிள்ளையிடம் யாரும் நாற்காலியை ரசி என்று சொல்வதில்லை.